ஆரத்தி நிறத்தில் ஒரு சோப்பு: 2025 தீபாவளிக்குக் கையால் செய்த பரிசுகள்

தீபாவளிக்கு யார் வீட்டுக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஆவணி பிறந்ததுமே தொடங்கிவிடும். போன முறை பன்னிரண்டு வீட்டுக்கும் மைசூர்பாகு. அதில் ஒரு டப்பா நாலு கை மாறி, கார்த்திகைக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. மூடியில் என் மகள் ஒட்டிய மயில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. "இந்த வருசம் இனிப்பு கிடையாது" என்று மனைவி அன்றைக்கே சொல்லிவிட்டாள். பன்னிரண்டில் ஐந்து வீட்டில் சர்க்கரை நோய் என்பது வேறு.

அதனால் இந்த முறை மூன்று பொருள்: குளியல் சோப்பு, தீபாவளி லேகியம், இரண்டையும் போட்டுக் கொடுக்க ஒரு துணிப்பை. மூன்றும் வீட்டிலேயே. லேகியம் அம்மாவுக்குத் தண்ணி பட்ட பாடு. பை தைக்க மனைவியின் மிஷின் இருக்கிறது. சோப்பு மட்டும் எனக்குப் புதிது, இந்தப் பதிவில் பெரும்பகுதியை அதுதான் தின்னப் போகிறது.

முதலில் நாள் கணக்கு. காய்ச்சாமல் செய்கிற சோப்பு வெட்டிய பிறகு நாலு முதல் ஆறு வாரம் காற்றில் காய வேண்டும். தண்ணீர் வற்றி, கட்டி இறுகி, கைக்கு இதமாவதற்கு அவ்வளவு நாள் பிடிக்கும். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. ஆறு வாரம் பின்னால் போனால் செப்டம்பர் 8. நான் ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொண்டது எவ்வளவு நல்லதாயிற்று என்பது கீழே வரும்.

சோப்பின் சங்கதி இவ்வளவுதான்: எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும் ஆகும். ஆனால் ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு பசி உண்டு. தேங்காய் எண்ணெய் ஒரு கிராம், ஏறக்குறைய 0.183 கிராம் காஸ்டிக் சோடாவைச் சாப்பிடும். நல்லெண்ணெய்க்கு 0.134 போதும், விளக்கெண்ணெய்க்கு 0.128. முழுப் பசிக்கும் போடக் கூடாது. நூற்றுக்கு ஐந்தோ பத்தோ குறைத்துப் போட்டால்தான் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சி, தோலை வறட்டாமல் இருக்கும். கூடிவிட்டால் மிஞ்சுவது காஸ்டிக் சோடா, அது தோலை அரிக்கும். இதில் கண்ணளவு, கையளவு என்று எதுவும் கிடையாது. கிராம் காட்டும் தராசு இல்லையென்றால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

முதல் கலவை, வெறும் தேங்காய் எண்ணெய். ஒரு கிலோவுக்குக் கணக்குப் போட்டேன்: 183 கிராம், அதில் நூற்றுக்கு ஐந்து கழித்தால் 174. காஸ்டிக் சோடாவைத் தராசில் வைத்துக் கிராம் சுத்தமாக அளந்தேன். தண்ணீரையும் அளந்தேன். எண்ணெயை மட்டும் அளக்கவில்லை. ஒரு லிட்டர் பாக்கெட், அதைக் கத்தரித்து அப்படியே கொட்டினேன். லிட்டரும் கிலோவும் ஒன்று என்று பாலுக்கும் தண்ணீருக்கும் பழகின கை. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், மிதந்தால் எடை குறைவு என்பதும் தெரியும், ஆனால் அடுப்படியில் நின்றபோது எனக்குத் தோன்றவில்லை. பாக்கெட்டின் மூலையில் 910 கிராம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததைக் குப்பைக்கூடையில் இருந்து எடுத்துப் பார்த்தது மூன்று நாள் கழித்து.

காஸ்டிக் சோடாவைக் கரைப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு தாளிக்கும்போது கல் தண்ணீரில் கொதித்துக் குமுறுமே, இதுவும் அந்த ஜாதிதான். தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கி முகத்தில் அடிக்கும். அடுப்பே இல்லாமல் பாத்திரம் கை வைக்க முடியாத சூடாகிவிடும், மூக்கைச் சுருக்கும் ஆவி வரும். மொட்டை மாடியில், காற்று போகும் பக்கம் பார்த்து நின்று, கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்தேன். பாத்திரம் எவர்சில்வராக இருக்க வேண்டும். அலுமினியச் சட்டியைக் காஸ்டிக் சோடா தின்றுவிடும், தின்னும்போது வருவது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு. தோலில் தெறித்தால் குழாயைத் திறந்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பாடத்தை நினைத்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கப் போகாதீர்கள். மகளை அன்று முழுக்க மாடிப்படி ஏறவே விடவில்லை.

கரைசலும் எண்ணெயும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சேர்த்துக் கடைய வேண்டும். இதற்கென்று மின்சார பிளெண்டர் வாங்குவானேன் என்று பழைய மோர் மத்தை எடுத்தேன். முக்கால் மணி நேரம். தோள்பட்டை கழன்றது. ஆனால் பதம் வருவதைக் கண்ணால் பார்க்க மத்து போல வராது: முதலில் எண்ணெய் தனி, தண்ணீர் தனி, பிறகு நீர்மோர், பிறகு கெட்டி மோர், கடைசியில் தோசை மாவு. கரண்டியில் எடுத்து மேலே கோடாக விட்டால் அந்தக் கோடு அமுங்காமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். பட்டர் பேப்பர் விரித்த மரப்பெட்டியில் ஊற்றித் துண்டு போட்டு மூடினேன்.

அன்று சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். இறுகியிருந்தது. "நாளைக்கு வெட்டலாம்" என்று விட்டது அடுத்த தப்பு. தேங்காய் எண்ணெய் சோப்பு ஏழெட்டு மணி நேரத்திலேயே கல்லாகிவிடும் ரகம். மறுநாள் ராத்திரி அலுவலகம் முடிந்து வந்து அரிவாள்மணையில் வைத்து அழுத்தினால் கடலைமிட்டாய் மாதிரி பிளக்கிறது. நேராக வந்த கட்டி நாலு. மீதி எல்லாம் கோணல் மாணல்.

கோணலாக இருந்தாலும் சோப்புதானே என்று சமாதானம் செய்துகொண்டு, மூன்றாம் நாள் நாக்கு சோதனை. சிரிக்காதீர்கள், பழைய சோப்புக்காரர்கள் செய்வதே இதுதான். ஈர விரலால் கட்டியைத் தேய்த்து, அந்த விரலை நுனி நாக்கில் வைக்க வேண்டும். சோப்பு ருசி மட்டும் வந்தால் சரி. சுரீர் என்று இழுத்தால் காஸ்டிக் சோடா மிஞ்சியிருக்கிறது. சின்ன வயதில் ஒன்பது வோல்ட் பேட்டரியை நக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுரீர் தெரியும். எனக்கு அதே சுரீர். அப்போதுதான் குப்பைக்கூடைக்குப் போனேன்.

910 கிராம் எண்ணெயின் முழுப் பசியே 166.5 கிராம்தான். நான் போட்டது 174. ஏழரை கிராம் வேலையில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. யாருக்காவது கொடுத்திருந்தால் தீபாவளி எண்ணெய்க் குளியல் ஆஸ்பத்திரியில் முடிந்திருக்கும்.

தூக்கிப் போட மனசு வரவில்லை. அந்த வருடம் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. குறைந்தது எவ்வளவு என்று தெரிந்துவிட்டதால் வைத்தியமும் தெரிந்தது: இன்னும் 90 கிராம் எண்ணெய். எல்லாக் கட்டிகளையும் கையுறை போட்டுக்கொண்டு துருவினேன் (அந்தத் துருவி இனி சமையலறைக்கு வராது), எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, 90 கிராம் எண்ணெயும் ஒரு டம்ளர் தண்ணீரும் விட்டு, கொதிக்கிற தண்ணீர்ச் சட்டிக்குள் அந்தப் பாத்திரத்தை இறக்கி வைத்தேன். ஒன்றரை மணி நேரம் மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்ததில் துருவல் கரைந்து, கேசரி போல் பளபளப்பாகி, கடைசியில் பிசைந்த வாழைப்பழம் மாதிரி ஆயிற்று. பெட்டியில் அடைத்து அழுத்தினேன். ஆறியதும் நாக்கில் வைத்தால் சுரீர் இல்லை. வெறும் சோப்பு. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் வைத்துப் பார்த்தேன், இல்லை. பார்வைக்கு மட்டும் நேற்று வைத்த உப்புமாவைத் தட்டி வைத்த மாதிரி இருந்தது. அதை வெளியே கொடுக்கவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டில் கை கழுவுவது அதில்தான்.

செப்டம்பர் 7, ஞாயிறு. இரண்டாவது கலவை. இந்த முறை எல்லாம் தராசில்: தேங்காய் எண்ணெய் 700 கிராம், செக்கு நல்லெண்ணெய் 200, விளக்கெண்ணெய் 100. தேங்காய் எண்ணெய் நுரைக்கும் கட்டிக்கும். ஆனால் அது மட்டும் என்றால் அழுக்கோடு தோலின் பசையையும் சேர்த்து எடுத்துவிடும். நல்லெண்ணெய் அதைத் தணிக்கும். விளக்கெண்ணெய் நுரையைப் பொடியாக்கி நிற்க வைக்கும். மூன்றுக்கும் சேர்த்துப் பசி 128.1, 26.8, 12.8, ஆக 167.7 கிராம். நூற்றுக்குப் பத்து கழித்து 151 கிராம் காஸ்டிக் சோடா, தண்ணீர் 302 கிராம். பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் ஊற்றினேன். மத்துக்கு ஓய்வு கொடுத்து, பக்கத்து வீட்டில் இருந்து பிளெண்டர் இரவல் வாங்கினேன். நாலே நிமிடத்தில் தோசை மாவு. தோள்பட்டையின் ஆத்திரம் தீர இன்னும் நாலு நாள் ஆயிற்று.

வாசனைக்கு எலுமிச்சைப்புல் தைலம் 20 மில்லி. கிராம்புத் தைலமும் வைத்திருந்தேன்; நல்ல வேளை ஒரு கரண்டி கலவையைத் தனியே எடுத்து அதில் விட்டுப் பார்த்தேன், கண்ணெதிரே களிமண்ணாகிவிட்டது. வெட்டிவேர்ப் பொடி போடலாம் என்று மனைவி சொன்னாள். ஒரு கட்டியில் மட்டும் போட்டோம். பாத்திரம் தேய்க்கிற நார் தோற்றது.

நிறத்துக்குத்தான் மஞ்சள். பரிசு மங்களகரமாக இருக்கட்டும் என்று ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்துப் பாதிக் கலவையில் ஊற்றினேன். இளமஞ்சளாக, சாமந்திப்பூ நிறத்தில் வரும் என்பது என் கனவு. ஊற்றின மாத்திரத்தில் ரத்தச் சிவப்பு. நான் பதறி நிற்க, பின்னால் அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா, ஆரத்தி கரைச்சு வச்சிருக்க?"

அவ்வளவுதான், மண்டையில் விளக்கெரிந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும். கல்யாணம், காதுகுத்து, பிள்ளை பெற்று வீட்டுக்கு வருவது என்று எத்தனை ஆரத்தித் தட்டு பார்த்திருக்கிறேன். குங்குமமே அந்த வழியில் செய்வதுதான். மஞ்சள்கறை பட்ட வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் அந்த இடம் சிவப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் திரும்ப மஞ்சளாகும். காஸ்டிக் சோடா சுண்ணாம்பைவிடக் கடும் காரம். நாற்பத்தாறு வருடமாக வீட்டு வாசலில் பார்த்ததை அடுப்படியில் அம்மா வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா கவலைப்படவில்லை. "சிவப்புன்னா என்ன, அதுவும் மங்களந்தான்" என்று போய்விட்டார். சோப்பு காயக் காயக் காரமும் தணியும்: முதல் வாரத்தில் செங்கல் நிறம், மூன்றாம் வாரத்தில் வெளுத்த ஆரஞ்சு. மஞ்சள் போடாத பாதி, பழைய தந்த நிறத்தில் நின்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நன்றாகவே இருந்தன.

இந்த முறை வெட்டுவதற்குக் காத்திருக்கவில்லை. காலை பத்து மணிக்கு ஊற்றியதை மாலை ஆறரைக்குப் பெட்டியில் இருந்து கவிழ்த்து, கிடார் கம்பி ஒன்றை இரண்டு பக்கமும் பென்சிலில் சுற்றிக்கொண்டு இழுத்து அறுத்தேன். பாலாடைக்கட்டி போல் விழுந்தது. பதினாலு கட்டி, ஒன்றொன்றும் நூறு கிராமுக்கு ஒட்டி. மரப்பலகையில் இடைவெளி விட்டு அடுக்கிப் பரணுக்கு அனுப்பினேன். வாரம் ஒரு முறை ஒரே கட்டியை எடுத்து நிறுத்து, காலண்டரில் எழுதி வந்தேன். 102 கிராமில் தொடங்கியது ஆயுத பூஜையன்று 93, அக்டோபர் 12இல் 91. அதற்குப் பிறகு அசையவில்லை.

லேகியம் அக்டோபர் 11, சனிக்கிழமை. இதில் எனக்கு வேலை, மதுரை கீழமாசி வீதிக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவதும் உரலில் இடிப்பதும்தான். சுக்கு 50 கிராம், தனியா 50, ஓமம் 50, மிளகு 25, சீரகம் 25, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை மூன்றும் பத்துப் பத்து. சித்தரத்தையைத் தட்டாமல் மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும் என்று எல்லா வருடமும் அம்மா சொல்வார், எல்லா வருடமும் நான் ஒரு துண்டாவது போட்டுப் பார்ப்பேன். இளவறுப்பாக வறுத்துப் பொடித்துச் சலித்து, தண்ணீரில் ஊற வைத்து விழுதாக்கி, 400 கிராம் வெல்லம் கரைத்து வடிகட்டி ஊற்றி அடுப்பில் ஏற்ற வேண்டும். கிண்டக் கிண்ட நல்லெண்ணெய் 50 கிராம், நெய் 100. ஓரத்தில் நெய் பிரிந்து, தொட்டு உருட்டினால் கையில் ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். தேன் ஆறிய பிறகுதான். அம்மா ஒரு பொழுதும் தராசைத் தொடவில்லை. மேலே நான் எழுதியிருக்கும் அளவெல்லாம் அவர் கையில் எடுத்ததை நான் பிடுங்கி நிறுத்துப் பார்த்தது. போன வருடக் குறிப்போடு ஒப்பிட்டேன், ஓமத்தில் மட்டும் மூன்று கிராம் வித்தியாசம். சோப்புக் கதை தெரிந்ததால், "உனக்கு அந்த மிஷின் வேணும்டா" என்று மட்டும் சொன்னார். பாட்டில்களை வெயிலில் காய வைத்து ஈரம் போக்கிய பிறகே நிரப்பினோம். ஒரு சொட்டு நீர் இருந்தால் பூசணம் பூத்துவிடும்.

பை. அப்பாவின் பழைய நாலு முழ வேட்டிகளில் ஒன்று, கரை நைந்தது. ஒன்பதுக்கு இருபத்துநாலு அங்குலமாகக் கத்தரித்தால் ஒரு வேட்டியில் பதினாறு துண்டு வரும். நைந்த இடம் போகப் பதின்மூன்று தேறியது. மடித்து இரண்டு பக்கமும் அடித்து, வாய்ப்பக்கம் ஒன்றரை அங்குலம் மடக்கிக் கயிறு போகும் வழி விட்டால் சுருக்குப்பை. வெள்ளையாக இருக்கிறதே என்று படிகாரத் தண்ணீரில் நனைத்து, மஞ்சள்தூள் கொதிக்க வைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போட்டு நிழலில் உலர்த்தினோம். வெயிலில் போட்டால் மஞ்சள் வெளிறிவிடும். இந்த முறை நிறம் நினைத்தபடியே வந்தது. அசல் மஞ்சப்பை. மனைவிக்கு ஒரே பெருமை.

அக்டோபர் 18இல் பைகளை நிரப்பினோம். ஒரு சோப்பு, ஒரு லேகியம் பாட்டில், மகள் கையெழுத்தில் ஒரு சீட்டு. சோப்பை பிளாஸ்டிக்கில் சுற்றினால் வேர்க்கும் என்பதால் எதிலும் சுற்றாமல் துணியோடு போட்டோம். யோசித்துத்தான் செய்தோம். ஆனால் பாதிதான் யோசித்திருக்கிறோம். மழை பிடித்துக்கொண்டது. சோப்பில் இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும். கட்டிகள் மேலே பொடிப் பொடியாக வேர்த்தன. வேர்வை சோப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் காரம், பையோ மஞ்சள்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் பார்த்தால் பதின்மூன்று பையிலும் கட்டி உட்கார்ந்த இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. நான் வாயைத் திறக்கும் முன் மகள் ஓடிப் போய்ப் பாட்டியைக் கூட்டி வந்துவிட்டாள். மோரில் முக்கினால் மஞ்சளாகும் என்று எனக்குத் தெரியும். பரிசுப் பையில் மோர் வாடை அடிப்பதற்குச் சிவப்பே மேல் என்று விட்டுவிட்டோம். ஒவ்வொரு சோப்புக்கும் ஒரு துண்டு பட்டர் பேப்பர் மட்டும் சுற்றினோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

நண்பன் ஒருவன் லேகியத்தை ஜாம் என்று நினைத்து ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, "மாப்ள, காதுல புகை வருதுடா" என்று போன் செய்தான். தங்கைக்கு சோப்பு பிடித்துவிட்டது, இன்னும் நாலு கேட்டிருக்கிறாள். தை மாதம் போட்டால் மாசிக்குள் காயும் என்று சொல்லியிருக்கிறேன். அத்தை மட்டும் காரைக்குடியில் இருந்து கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டார்.

"எண்ணெ தேச்சுக் குளிக்கிற அன்னைக்கு யாருடா சோப்பு குடுப்பா? சீயக்கா குடுக்கத் தோணலையா?"

"அடுத்த வருசம் அரைச்சுத் தாரேன் அத்தை. பை எப்படி இருக்கு?"

"அது நல்லாருக்கு. வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா எல்லாம் அதுலதான் வச்சிருக்கேன். என்ன சாயமோ தெரியல, சுண்ணாம்பு பட்டுப் பட்டு முக்காவாசி செவந்து போச்சு. இன்னொண்ணு இருந்தா குடுத்து விடு."

பதின்மூன்றாவது பை வீட்டில்தான் இருந்தது. அடுத்த வாரம் காரைக்குடிக்குப் போனவர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன், இந்த முறை சோப்பு வைக்காமல்.